நிலம் பேசிய கவிதை: ஜான் கிளேரின் ஹெல்ப்ஸ்டன்

ஒரு நிலம் அழிந்துபடும்போது அதன் சார்பில் பேசுவார் யார்? இவ்வினாவிற்கு விடை தேடுவார் காணவேண்டிய ஊர், இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அண்மையிலுள்ள ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூராகும்.

இடைக்காலக் கற்சிலுவைத் தூணும் தூய பொட்டால்ஃப் தேவாலயமும் இவ்வூரின் பழம் அடையாளங்கள். கிழக்கே நீர்ப்பாங்கான தாழ்நிலம் விரிகிறது. தெற்கே சுண்ணாம்புக்கல் மேடும் காடுகளும் புதர்வெளிகளும் உள்ளன. இங்கு 1793 ஜூலை 13இல், கதிரடிக்கும் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் கவிஞர் ஜான் கிளேர்.

அவருடைய இளமையில் இவ்வெளிகள் ஊராரின் பொது மேய்ச்சலுக்கும் விறகுக்கும் உரியனவாக இருந்தன. 1809இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்நிலங்களை அளந்து, வேலியிட்டுத் தனியுடைமையாக்க வழிசெய்தது. 1820இல் பங்கீடு முற்றுப்பெற்றது. பழம்பாதைகள் அடைபட்டன, மரங்கள் வீழ்ந்தன. வறுமையின் காரணமாகக் கிளேரும் வேலியிடும் கூலியாளாகப் பணிபுரிந்தார். தம்மைப் புறந்தள்ளிய வேலியைத் தம் கையாலேயே நட்ட கொடுமை அது. அதே 1820இல்தான் அவருடைய முதற் கவிதைநூலும் வெளிவந்தது.

ஊருக்கு அருகிலுள்ள ஸ்வார்டி வெல் என்னும் பழைய கற்குழி, பங்கீட்டின்போது சாலை செப்பனிடக் கல்லெடுக்கும் இடமாக ஒதுக்கப்பட்டது. அதனைப் பற்றிய கிளேரின் கவிதையில் கவிஞர் பேசவில்லை. நிலமே தன்மையிடத்தில் நின்று தன் துயரை முறையிடுகிறது. வறியவனும் நிலமும் ஒரே அநீதிக்கு உட்பட்டவர்கள் என்னும் உண்மை அங்கே ஒரே குரலாகிறது.

அக்குழியின் பிற்கால வரலாறும் எண்ணத்தக்கது. 1915இல் சார்லஸ் ராத்ஸ்சைல்டு நிறுவிய இயற்கைக் காப்பகச் சங்கம் அதனைக் குத்தகைக்கு எடுத்தது. ஆயினும் பின்னர் அது குப்பை கொட்டும் இடமாகவும் மோட்டார் பந்தயத் தடமாகவும் சீரழிந்தது. 2003இல் லாங்டைக் கிராமப்புற அறக்கட்டளை அதனை ஏற்றபின், மீண்டும் புல்வெளியும் காட்டுமலர்களும் அங்கே தழைத்தன. கிளேர் பாடிய எம்மன்சேல்ஸ் புதர்வெளியின் எஞ்சிய பகுதி, 1954இல் அறிவிக்கப்பெற்ற காஸ்டர் ஹாங்லண்ட்ஸ் தேசிய இயற்கைக் காப்பகத்துள் அடங்கும்.

கவிதை மட்டுமே இந்நிலங்களை மீட்டது என்பது மிகையாகும். ஆயின், இழந்தது இன்னதென அறிந்தாலன்றி எவரும் அதனை மீட்க முனையார். ஒவ்வொரு குழியையும் புதரையும் பறவைக் கூட்டையும் அதனதன் பெயரால் சுட்டி எழுதிவைத்தார் கிளேர். நில அளவையாளரின் வரைபடம் எல்லைகளைப் பதிந்தது. கவிஞரின் ஏடு அவ்வெல்லைக்குள் வாழ்ந்த உயிர்களைப் பதிந்தது.

1864இல் நார்த்தாம்ப்டன் மனநல விடுதியில் மறைந்த கிளேரின் உடல், ஹெல்ப்ஸ்டன் தேவாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. பத்தாண்டுகளாகக் கவிதையால் கூடிவரும் நம் வட்டத்தார் அவரிடம் கற்கவேண்டியது ஒன்றுண்டு: நம் காலடி மண்ணின் பெயர்களை அவை மறையுமுன் எழுதிவைப்பதும் கவிஞனின் கடனே.