கியரை யார் மாற்றுவது?

புதுக்கோட்டையில் புதுக் கார் எடுக்கப் போகிறவர் கிளட்ச் இல்லாத வண்டிதான் வேண்டும் என்றால் அதற்கென்று தனியாகப் பணம் எடுத்துவைக்க வேண்டும். அதே மாடல், அதே இன்ஜின், அதே நிறம். ஆட்டோமேட்டிக் என்றதும் விலை பல ஆயிரம் ஏறிவிடும். அவருடைய மகன் வீட்டில் போனை வைத்துக்கொண்டு கார் ரேஸ் ஆடுகிறான். அங்கே ஆட்டோமேட்டிக் இலவசம். கியரைத் தானே போட்டு ஓட்ட ஆசைப்பட்டால்தான் செலவு: கம்ப்யூட்டரோ கன்சோலோ வேண்டும், ஸ்டீயரிங் வேண்டும், மூன்று பெடல் வேண்டும், பக்கத்தில் மாட்ட ஒரு கியர் லீவர் வேண்டும். ரோட்டில் சிக்கனக்காரருக்குரிய கியர், திரைக்குள் போனதும் வசதிக்காரருக்குரியதாகிவிடுகிறது. ரேஸ் கேம்களில் ஆட்டோவா மேனுவலா என்ற வாதத்தில் எது வேகம் என்பதை மட்டுமே பேசுகிறார்கள். கையில் என்ன கருவி இருக்கிறது என்பதை யாரும் முதலில் கேட்பதில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகள் கியருக்குப் புதியவர்கள் அல்ல. வீட்டு ஸ்பிளெண்டரில் இடது கை கிளட்சையும் இடது கால் கியரையும் பழகிய பிறகுதான் பெரும்பாலானவர்கள் காரைத் தொடுகிறார்கள். அதற்கும் முன்னால் டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கிறது. தேங்காய் மூட்டை, புல்லுக்கட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று எதை ஏற்றினாலும் கியர் என்ற பேச்சே இல்லாமல் இழுத்துக்கொண்டு போகும். போக்குவரத்துத் துறையும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது, ஆனால் இரண்டு சக்கரத்தில் மட்டும்: கியர் வைத்த பைக்குக்கு ஒரு லைசென்ஸ் வகை, கியர் இல்லாததற்கு இன்னொன்று. காருக்கு அந்தப் பிரிவு கிடையாது. ஒரே லைசென்ஸில் இரண்டையும் ஓட்டலாம். கேம்தான் விடாமல் கேட்கிறது. 1997-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த கிரான் டூரிஸ்மோ, பந்தயம் தொடங்கும் முன்னே ஏடியா (ஆட்டோ) எம்டியா (மேனுவல்) என்று கேட்டுவிட்டுத்தான் காரை வரிசையில் நிறுத்தியது.

ஆட்டோ கியரின் புத்தி நேரானது. இன்ஜின் சுற்று உச்சத்தைத் தொட்டால் மேல் கியர். சுற்று இறங்கினால் கீழ் கியர். கேமுக்குக் கேம் நுணுக்கம் மாறலாம், அடிப்படை இதுதான். ஏற்கெனவே நடந்ததை வைத்து அது முடிவெடுக்கிறது. அடுத்த நொடி என்ன வரப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. மேனுவல் ஆடுகிறவருக்கு வளைவு கண்ணில் படுகிறது; வண்டி அங்கே போய்ச் சேரும் முன்பே கியர் இறங்கிவிடுகிறது. கட்டுமாவடியிலிருந்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று கடலோரமாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மேடு பள்ளம் இல்லை; டாப் கியரில் விழுந்தால் விழுந்ததுதான். அதே காரைக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு வளைவின் வாசலிலும் ஆட்டோ கியர் பெட்டி ஒரு கணம் திகைக்கும், ஆக்சிலேட்டரை மிதித்த பிறகுதான் இழுவை போதவில்லை என்று உணர்ந்து கியரை இறக்கும். கேமிலும் அப்படித்தான். வட்டமான ஓவல் தடத்தில் ஆட்டோவில் ஓட்டுகிறவரும் மேனுவலில் ஓட்டுகிறவரும் ஏறக்குறைய சமமாக வருவார்கள். மொனாக்கோவின் கொண்டை ஊசி வளைவில் பிரிந்துவிடுவார்கள்.

நம் மாவட்டத்து மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரிய மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று எந்தப் பிரிவாக இருந்தாலும் வண்டி எல்லைவரை போய்த் திரும்ப வேண்டும். மாட்டுக்கு ஓட்டம் தெரியும், திரும்பும் இடம் தெரியாது. அதைத் தெரிந்து முன்கூட்டியே கயிற்றைப் பிடிக்கிறவர் சாரதி.

ஒரு தடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நொய்டா அருகே உள்ள புத்தா சர்வதேசத் தடம், நீளம் 5.125 கிலோமீட்டர். 2011-இல் அங்கே முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தது. கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் எச்ஆர்டி அணியின் காரை ஓட்டி 17-ஆவதாக வந்தார். அதே ஆண்டின் எஃப்1 2011 கேமிலும் அந்தத் தடம் இடம்பெற்றது. மூன்றாவது வளைவைத் தாண்டியதும் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நேர்சாலை, அதன் முடிவில் கனமாக பிரேக் பிடிக்க வேண்டிய நான்காவது வளைவு. ஆட்டோவில் ஓட்டினால் பிரேக்கை மிதித்துவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டியதுதான். மீதியைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். சிக்கல் வளைவின் நடுவில் வருகிறது. கார் இன்னும் திரும்பிக்கொண்டிருக்கும்போதே பெட்டி ஒரு கியரைக் கூடுதலாக இறக்கினால் பின்சக்கரத்துக்குத் திடீரென்று இழுவை போய், பின்புறம் வழுக்கும். மழையில் இது நேராகச் சுவரில் கொண்டுபோய்விடும். மேனுவலில் ஓட்டுகிறவர் வளைவுக்கு வெளியிலேயே கியரை இறக்கி முடித்துவிடுவார். மழை என்றால் வேண்டுமென்றே ஒரு கியர் மேலேயே வைத்துக்கொண்டு வருவார், இன்ஜின் கொஞ்சம் அடைத்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை என்று. ஆட்டோவில் இந்தத் தந்திரத்துக்கு இடமே இல்லை. லேப் நேரத்தில் வருகிற வித்தியாசம் பெரும்பாலும் இப்படிப்பட்ட சில வளைவுகளில்தான் பிறக்கிறது. கையால் மாற்றும் வேகம் அதற்குப் பெரிய காரணம் இல்லை.

ரேஸ் கேம் தொடங்கிய காலத்தில் ஆட்டோவா மேனுவலா என்ற கேள்வியே எழவில்லை. 1974-இல் அடாரி வெளியிட்ட கிரான் டிராக் 10 இயந்திரத்தில் ஸ்டீயரிங், பெடல், கியர் லீவர் எல்லாமே இருந்தன. 1986-இல் சேகாவின் அவுட்ரன் வந்தபோது இரண்டே கியர், மேல் ஒன்று கீழ் ஒன்று. காசு போட்டு ஆடுகிற இயந்திரத்தில் லீவரை இழுப்பதே பாதி சந்தோஷம்.

வீட்டுக் கம்ப்யூட்டரும் பிரவுசிங் சென்டரும் வந்த பிறகுதான் கீபோர்டின் நான்கு அம்புக்குறிகள் போதும் என்ற நிலை ஏற்பட்டது. ஆட்டோ நம் தலைமுறைக்கு இயல்பானது அங்கேதான். கியர் போடுவது எப்படி என்றே தெரியாமல் நீட் ஃபார் ஸ்பீட் ஆடி முடித்தவர்கள் ஏராளம். ஆனால் அந்த வரிசையிலேயே 2003-இல் வந்த அண்டர்கிரவுண்ட் ஒரு வேலை செய்தது. டிராக் பந்தயம் என்று ஒரு வகையை வைத்து, அதில் ஆட்டோவைப் பிடுங்கிக்கொண்டது. ஸ்டீயரிங்குக்கு அங்கே பெரிய வேலை இல்லை, தடம் மாறுவது மட்டும்தான். முள் சரியான இடத்துக்கு வரும்போது கியரைப் போட வேண்டும். முந்தினால் இழுவை குறையும், பிந்தி இன்ஜினைக் கத்தவிட்டுக்கொண்டே இருந்தால் இன்ஜினே வெடித்துப் பந்தயம் முடிந்துவிடும். அதுவரை ஆட்டோவில் ராஜாவாக இருந்தவர்கள் வரிசையாக இன்ஜினை வெடிக்கவைத்தார்கள். கியர் என்பது காதால் கேட்டுச் செய்கிற காரியம் என்பதைப் பாடமாக இல்லாமல் தோல்வியாகவே சொல்லிக்கொடுத்த கேம் அது. 2012-இல் போனுக்கு வந்த சிஎஸ்ஆர் ரேசிங், இந்த ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து முழுக் கேமாக்கியது: ஓட்டுவதே இல்லை, கியர் மாற்றுவது மட்டும்தான். தொடுதிரையில் மேனுவல் கியர் உருப்படியாக வேலை செய்ததை நான் பார்த்தது இந்த மாதிரிக் கேம்களில்தான். இரண்டு கட்டைவிரலும் சும்மா இருப்பதால் அது சாத்தியமானது.

மேனுவல்தான் உண்மையான ரேஸ் என்று அடித்துப் பேசுகிறவர்களிடம் எந்த மேனுவல் என்று கேட்க வேண்டும். 1989-இல் ஃபெராரி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் துடுப்பு கியரை எஃப்1-க்குக் கொண்டுவந்தது. அந்தக் காரின் முதல் பந்தயத்திலேயே, பிரேசிலில், நைஜல் மான்செல் வென்றார். அதன் பிறகு மற்ற அணிகளும் அந்த வழிக்கே வந்துவிட்டன. 2000-களின் தொடக்கத்தில் முழு ஆட்டோமேட்டிக்கும் சில ஆண்டுகள் அனுமதிக்கப்பட்டு, 2004-இலிருந்து தடை செய்யப்பட்டது. அதாவது, பெட்டியால் செய்ய முடியாது என்பதால் அல்ல, செய்துவிடும் என்பதால்தான் தடை. எப்போது மாற்றுவது என்ற முடிவு ஓட்டுபவரிடமே இருக்கட்டும் என்று விதி சொல்கிறது. கிளட்சை மிதித்து லீவரைத் தள்ளும் வேலையை அது யாரிடமும் கேட்கவில்லை. ஆகவே எஃப்1 கேமைக் கீபோர்டின் இரண்டு பொத்தானில் கியர் மாற்றி ஆடுகிற புதுக்கோட்டைப் பையன், பல ஆயிரம் கொடுத்து எச் வடிவ லீவர் வாங்கி அதே கேமை ஆடுகிறவரைவிட நிஜ எஃப்1-க்கு நெருக்கமாக இருக்கிறான். பாவம், இது தெரியாமல் அவன் ஏங்கிக்கொண்டிருக்கிறான்.

லீவர் தேவைப்படும் இடம் வேறு. 2012-இல் வந்த யூரோ டிரக் சிமுலேட்டர் 2 இந்த விஷயத்தில் நேர்மையான கேம். எளிய ஆட்டோ, நிஜ ஆட்டோ, வரிசையாக ஏறி இறங்கும் கியர், எச் லீவர் என்று நான்கு வழியையும் திறந்து வைக்கிறது. பாரம் ஏற்றிய லாரியை மேட்டில் எடுக்கும்போது எச் லீவருக்கு அர்த்தம் கிடைக்கிறது: தவறான கியரில் விட்டால் வண்டி நின்றுபோகும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமானது பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா. இந்தோனேசியப் பேருந்தின் மேல் நம் அரசுப் பேருந்துக்குரிய வண்ணத்தையும் பலகையையும் ஒட்டி ஓட்டுகிறார்கள். இவர்களுக்கு வேகம் முக்கியமே இல்லை. நிஜப் பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுநரின் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்த பிள்ளைகள் இவர்கள். கியர் இவர்களுக்கு வாகனத்தின் கம்பீரம். ரேஸ் ஆடுகிறவருக்கு அது ஒரு ஆயுதம். இந்த இரண்டு தரப்பும் மேனுவல் என்ற ஒரே பேரைச் சொல்வதால்தான் விவாதம் குழம்பிக் கிடக்கிறது.

ஆட்டோவின் பக்கம் பேச வேண்டியதும் இருக்கிறது. ஒரு கையால் மட்டுமே ஆட முடிகிறவருக்கு அது ஆட்டத்தின் வாசல். ஆறு வயதுக் குழந்தைக்கும் அப்படித்தான். போனைச் சாய்த்துத் திருப்பி ஓட்டும் அஸ்ஃபால்ட் வகைக் கேம்களில் தாவுவதும் இடிப்பதும்தான் ஆட்டம். கியரைக் கொடுத்தால் கெட்டுவிடும். ஆனால், முதலில் ஆட்டோவில் தடத்தைப் பழகு, பிறகு மேனுவலுக்குப் போ என்ற பரவலான அறிவுரையை நான் ஏற்க மாட்டேன். ஆட்டோவில் பழகியவரின் காது இன்ஜினைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது, அதைத் திரும்ப எழுப்புவது சிரமம். மெதுவான காரை எடுத்து, மேனுவலில் ஆரம்பிப்பது நல்லது. நம்மவர்களுக்கு ஸ்பிளெண்டரில் பழகிய காது ஏற்கெனவே இருக்கிறது, அதை வீணாக்குவானேன்?

ஃபோர்சா வரிசைக் கேம்கள் இந்தத் தேர்வுக்குக் கூலியே கொடுத்தன: மேனுவலுக்கு மாறினால் பரிசுப் பணம் கூடும், கிளட்சும் சேர்த்தால் இன்னும் கூடும். அதில் ஒரு வேடிக்கை, கிளட்சோடு ஓட்டினால் கியர் விழும் நேரமும் குறைந்துவிடும். நிஜத்தில் கூடுதல் வேலை, கேமில் குறுக்குவழி.

கேமில் கிளட்ச் பழகியவர் நேராகக் காரை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். எப்போது மாற்றுவது என்பது வந்துவிடும். எங்கே பிடிக்கிறது என்பது வராது. கேம் பெடலில் இருப்பது வெறும் ஸ்பிரிங். நிஜக் கிளட்ச் பாதி மேலே வரும்போது வண்டி உடம்பெல்லாம் ஒரு அதிர்வு ஓடும், அதைக் கால் உணர வேண்டும். சரி, அதற்குத்தான் டிரைவிங் ஸ்கூல் இருக்கிறதே என்று சேர்ந்தால், அந்தக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். நாம் தடுமாறும்போதெல்லாம் அவர் சத்தமில்லாமல் மிதித்துவிடுவார். முதல் ஒரு வாரம் நாம் ஓட்டுவது பாதி ஆட்டோமேட்டிக்தான். ஃபீஸ் மட்டும் மேனுவலுக்குக் கட்டுகிறோம்.