கடை திறக்குமுன் கிரானைக் கடந்த பால்

சாப்பாட்டுக்கடைக்குச் சரக்கு கொண்டு செல்பவர் கூட்டம் வருமுன் போய்ச் சேர வேண்டும்; தவறினால் கூட்டம் கலையும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் போனால் முதலாளி கல்லாவை விட்டு எழமாட்டார். பொதியை இறக்கி வைக்கக் கையொழிந்த ஆளும் கிடையாது. பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்நகரின் நடுவே இருந்த பெருஞ்சந்தை 1969இல் புறநகரான ரன்ஜிஸுக்குப் பெயர்க்கப்பட்டதற்கு, தெருக்களில் சரக்கு வண்டிகள் நகர முடியாமற் போனதும் ஒரு காரணம்.

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை செல்லும் வீதியில் உள்ள கிரானில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. இங்கே பொதி என்பது பால். அரிசியும் மரக்கறியும் பொறுத்திருக்கும். குளிரூட்டாத பால் கிழக்கின் வெயிலில் நண்பகல் வரைகூடத் தாங்காது. தேநீர்க்கடைக்கோ விடிந்ததும் கூட்டம். எனவே பால்காரர் இருட்டோடு கறந்து, இருட்டோடு புறப்பட வேண்டும்.

தொழில் புதிதன்று. மோர் விற்றுத் தானியம் பெற்றுச் சுற்றத்தை உண்பிக்கும் ஆய்மகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. நெய்க்கு விலையாகப் பொன்னை அவள் ஏற்பதில்லை. எருமையும் பசுவுமே வாங்குகிறாள். கிரானின் பட்டிக்காரர்களைக் கண்டவர்களுக்கு அவளுடைய கணக்கு எளிதில் விளங்கும். இங்கும் செல்வம் என்றால் மாடுதான்.

ஆனால் அந்த மாடு ஆண்டு முழுவதும் ஊரருகே நிற்பதில்லை. ஐப்பசி வாக்கில் பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும், பயிரைக் காக்கப் பட்டிகள் மேற்கே காட்டுப் புறங்களுக்குச் சாய்க்கப்படும். அறுவடை முடிந்த பிறகே ஊர்ப்பக்கம் திரும்பும். கிரான், செங்கலடிப் பிரிவுகளின் மேற்கெல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவனை ஆகியவை இவ்வாறு தலைமுறைகளாகப் பயன்பட்ட மேய்ச்சற்றரைகள். ஆக, பால் மிகத் தொலைவுக்குப் போய்விடும் மாதங்களே அடைமழை மாதங்களும் ஆகும். கடை திறக்கும் நேரமோ மாறுவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஆயர் கண்ட விடைதான் தயிர் என்று நான் கருதுகிறேன். காலைத் தேநீருக்குப் போய்ச் சேராத பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை குத்தி, மண்சட்டியில் ஊற்றிவிட்டால் அது மறுநாள் வரை காத்திருக்கும். எருமைப்பாலில் கொழுப்பு மிகுதி. சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சிக்கொள்ளும். கசியும் நீர் ஆவியாகும்போது சட்டியும் குளிரும். கட்டித்தயிர் வந்தது இப்படித்தான். காலைக் கூட்டம் கலைந்து மதியச் சோற்றுக்கு ஆட்கள் வருமுன் உள்ள இடைவேளையில் சட்டிகளைக் கடையில் இறக்கலாம். சுவைக்காக மட்டும் மட்டக்களப்புத் தயிரைப் புகழ்பவர்கள் இந்த நேரக் கணக்கைக் கவனிப்பதில்லை.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் இறக்குமதிப் பால்மா பெருகியது. பால்மாப் பெட்டி அலமாரியில் எத்தனை நாளும் இருக்கும். பால்காரருக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை கடைக்காரருக்கு இல்லாமற் போனது. போதாக்குறைக்குப் போர். குடும்பிமலைப் பகுதி 2007 யூலையில் இராணுவத்தின் வசமாகும்வரை, காட்டுக்கும் கடைத்தெருவுக்கும் இடையே சோதனைச்சாவடிகள் நின்றன. வெயிலில் ஓரிரு மணி நேரம் மறிக்கப்பட்டால் பால் திரிவதற்கு அதுவே போதும்.

பால்மாவை நம்பியதன் விலை பின்னர் தெரிந்தது. அந்நியச் செலாவணி வற்றியபோது பால்மா கிடைக்காமற் போயிற்று. 2022 மார்ச்சில் ஒரு கோப்பைப் பால்தேநீர் நூறு ரூபாவானது. பல கடைகளில் வெறும் பிளேன்டீதான். மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த நாட்டில் இது நடந்தது.

அடுத்த ஆண்டே அந்த மாடுகளுக்கும் இடமில்லை என்றாயிற்று. மயிலத்தமடு, மாதவனையில் வெளிமாவட்டத்தார் புகுந்து பயிரிடுவதை எதிர்த்தும், மாடுகள் கொல்லப்படுவதை எதிர்த்தும் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்தார்கள். போராட்டம் ஓராண்டுக்கு மேல் நீண்டது. மகாவலித் திட்ட நிலம் என்பது அதிகாரிகளின் வாதம். மாதுறு ஓயா அணை 1983இல்தான் முடிந்தது. பட்டிகள் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே போய்வந்தன. இவ்விரண்டில் எது மூத்த உரிமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதற்கிடையே, ஒவ்வொரு மாரியிலும் வெள்ளம் வந்து கிரான்–புலிபாய்ந்தகல் வீதியை மூடிவிடுகிறது. அந்நாட்களில் மக்கள் படகில் கடக்கிறார்கள். அக்கரையில் கறந்த பாலும் அதே படகுக்காகத்தான் காத்திருக்க வேண்டும். இக்கரைத் தேநீர்க்கடைகளில் அதற்குள் காலைக் கூட்டம் முடிந்திருக்கும்.