பின்னட்டை எண்ணும் எமது நூல்களும்

எமது அலுமாரியில் உள்ள தமிழ் நூல்களின் பின்னட்டைகளை மட்டும் திருப்பிப் பார்த்தாலே எம்மவர் சிதறிய கதை ஓரளவு தெரிந்துவிடும். அங்குள்ள சர்வதேச நியமப் புத்தக எண்ணில் 955 என்றிருந்தால் அது இலங்கை. 81 அல்லது 93 என்றால் இந்தியா. நோர்வேக்கு 82, டென்மார்க்குக்கு 87. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஐரோப்பாவில் எம்மவர் தம் கைக்காசைப் போட்டு வெளியிட்ட நூல்கள் பலவற்றில் எண்ணே இல்லை.

இந்த எண் களஞ்சியக் கணக்குக்காகப் பிறந்தது. 1960களின் நடுப்பகுதியில் பிரித்தானியாவின் பெரிய புத்தக வியாபார நிறுவனமான டபிள்யூ. எச். ஸ்மித் தன் களஞ்சியத்தைக் கணினிமயப்படுத்த முனைந்தது. அதற்கு ஒவ்வொரு நூலையும், அதன் ஒவ்வொரு பதிப்பையும் பிரித்தறிய ஓர் எண் தேவைப்பட்டது. பின்னாளில் டப்ளின் டிரினிட்டிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கோர்டன் பொஸ்டர் 1966 இல் ஒன்பது இலக்க முறையொன்றை வகுத்துக் கொடுத்தார். 1967 இல் அது பிரித்தானியாவில் வழக்கிற்கு வந்தது. 1970 இல் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டபோது பத்து இலக்கமாயிற்று. பழைய எண்களுக்கு முன்னால் ஒரு பூச்சியம் சேர்த்தால் போதுமாக இருந்தது. 2007 ஜனவரி 1 முதல் பதின்மூன்று இலக்கம்.

இதில் கடைசி இலக்கம் காவற்காரன். பத்து இலக்க எண்ணின் முதல் இலக்கத்தைப் பத்தாலும் அடுத்ததை ஒன்பதாலும் எனப் படிப்படியாகக் குறைத்துப் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகை மீதியின்றி 11 ஆல் வகுபடவேண்டும். ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதினாலோ, இரண்டை இடம்மாற்றி எழுதினாலோ வகுபடாது, பிழை பிடிபட்டுவிடும்.

எமக்கு முக்கியமானது நடுப்பகுதி. 978 இற்குப் பின் வருவது நாட்டையோ மொழிப் பிரதேசத்தையோ குறிக்கும். ஆங்கிலத்துக்கு 0, 1, பிரெஞ்சுக்கு 2, ஜேர்மனுக்கு 3. தமிழுக்கென ஒரு பகுதி இல்லை. அடுத்து வருவது வெளியீட்டாளர், அதற்கடுத்து நூல். ஆகவே ஒஸ்லோவிலிருந்து எழுதுபவரின் நூலைச் சென்னைப் பதிப்பகம் வெளியிட்டால் எண் இந்தியா என்றே சொல்லும். எழுதியவர் விட்டுவந்த ஊரும் அவர் வாழும் ஊரும் அந்த எண்ணுக்குத் தெரியாது.

இன்று பலர் தாமே மின்னூல் வெளியிடுகிறார்கள். தானே வெளியிடுபவர் தான் வசிக்கும் நாட்டின் எண் முகவரகத்திடம் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். கனடாவிலும் இந்தியாவிலும் இது இலவசம். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பணம் கட்டவேண்டும். அச்சு நூலுக்கு ஓர் எண், அதன் மின்னூலுக்கு வேறோர் எண். அமேசன் கிண்டிலில் மின்னூல் போட இந்த எண் கட்டாயமில்லை. அது தன் சொந்த எண்ணைக் கொடுத்துவிடும். ஆனால் அந்த எண் அந்தக் கடைக்குள் மட்டும்தான். வெளியீட்டுத் தளங்கள் சில இலவசமாகத் தரும் நியம எண்களிலும் வெளியீட்டாளராக எமது பெயர் பதிவாவதில்லை.

எண் இருந்தால் பதிப்புரிமை வந்துவிடாது, எழுத்தும் தரமாகிவிடாது. நாம் வேலை செய்யும் உணவகத்தில் ஓடர்த் துண்டில் மேசை எண் இருக்கும். உப்புக் கூடியதா குறைந்ததா என்று அது சொல்லாது. ஆனால் எண் எழுத மறந்த கோப்பை, எவ்வளவு ருசியாகச் சமைத்திருந்தாலும், குசினி வாசலிலேயே ஆறிக் கிடக்கும்.

எமது எண்ணற்ற நூல்கள் பலவற்றுக்கு நேர்ந்ததும் இதுதான். ஈழத்துத் தமிழ் நூல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பதியும் வேலையை லண்டனில் என். செல்வராஜா மேற்கொண்டார், அவருடைய 'நூல்தேட்டம்' முதற்தொகுதி 2002 இல் வெளிவந்தது. ஒருவர் இப்படித் தேடி அலையும்படி எமது அடுத்த நூல்களையும் நாம் விட்டுவைக்கலாமா?

வந்த நாடுகளில் எமக்குக் கோப்பு எண், வரி எண், காப்புறுதி எண் என்று எத்தனையோ எண்களைக் கேளாமலே தந்தார்கள். நூலுக்கான எண்ணை நாம்தான் கேட்டுப் பெறவேண்டும். அடுத்த நூலைக் கணினியில் ஏற்றுமுன் அந்த விண்ணப்பத்தை நிரப்புவோம்.