வரலாற்றில் இன்று: டிசம்பர் 3 - போபாலை உறக்கத்தில் தாக்கிய விஷவாயு

புதுடெல்லி, டிச. 3: உலகின் மிக மோசமான தொழிற்சாலை விபத்துகளில் ஒன்றாகக் கருதப்படும் போபால் விஷவாயுக் கசிவு, 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி இரவு தொடங்கி 3-ஆம் தேதி அதிகாலை வரை நீடித்தது.

மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் இயங்கிவந்த யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் 610-ஆம் எண் கொள்கலனுக்குள் தண்ணீர் புகுந்ததே விபத்துக்கு வழிவகுத்தது. அதிலிருந்த மெத்தில் ஐசோசயனேட் தண்ணீருடன் வினைபுரிந்ததால் வெப்பமும் அழுத்தமும் பெருகி, ஏறத்தாழ 40 டன் நச்சு வாயு காற்றில் கலந்தது.

கொள்கலனைக் குளிர்விக்கும் அமைப்பு முன்னதாகவே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்து அழிக்க வேண்டிய கோபுரமும் அன்று செயல்பாட்டில் இல்லை. காற்றைவிட அடர்த்தியான அந்த வாயு தரையோடு படர்ந்து, ஆலையை ஒட்டிய குடிசைப் பகுதிகளில் உறங்கிக்கொண்டிருந்தோரை முதலில் தாக்கியது.

இதில் 3,787 பேர் உயிரிழந்ததாக மாநில அரசு உறுதிப்படுத்தியது. உண்மையான எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பது பாதிக்கப்பட்டோர் அமைப்புகளின் வாதம். 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிப்புக்குள்ளாயினர்.

யூனியன் கார்பைடு நிறுவனம் 47 கோடி டாலர் இழப்பீடு வழங்குவதற்கான உடன்பாடு, 1989-இல் உச்சநீதிமன்றத்தில் எட்டப்பட்டது. ஆலையின் முன்னாள் இந்திய அதிகாரிகளுக்கு 2010-ஆம் ஆண்டு, அதாவது 25 ஆண்டுகளுக்குப் பிறகே, தலா 2 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கூடுதல் இழப்பீடு கோரி மத்திய அரசு தாக்கல் செய்த மனுவை 2023 மார்ச் மாதம் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, 2025 ஜனவரியில்தான் எரித்து அழிப்பதற்காக பீதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமும் இதே நாளில் கடைப்பிடிக்கப்படுகிறது. இதற்கான தீர்மானத்தை ஐ.நா. பொதுச் சபை 1992-இல் நிறைவேற்றியது. இந்தியாவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே அங்கீகரித்திருந்த நிலையில், 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 வகைகளாக உயர்த்தியது.

டிசம்பர் 3-ஆம் தேதியில் நிகழ்ந்த முக்கிய நிகழ்வுகளின் விவரம்:

1884: நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத், தற்போதைய பிகார் மாநிலத்தின் ஜீராதேய் கிராமத்தில் பிறந்தார். அரசமைப்பு நிர்ணய சபையின் தலைவராகவும் பணியாற்றினார்.

1889: விடுதலைப் போராட்ட வீரர் குதிராம் போஸ் வங்கத்தின் மேதினிபூர் மாவட்டத்தில் பிறந்தார். 1908-இல் தமது 18-ஆம் வயதில் முசாபர்பூர் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

1967: மனிதரிடமிருந்து மனிதருக்கு முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்டு தலைமையில் நடைபெற்றது. இதயம் பெற்றவர் 18 நாள்கள் உயிர்வாழ்ந்தார்.

1971: பாகிஸ்தான் விமானப்படை இந்திய விமானதளங்களைத் தாக்கியதையடுத்து இரு நாடுகளுக்கு இடையே போர் மூண்டது. டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படைகள் சரணடைந்தன; வங்கதேசம் விடுதலை பெற்றது.

1979: ஹாக்கி ஜாம்பவான் தியான் சந்த் டெல்லியில் காலமானார். 1928, 1932, 1936 ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியா தங்கம் வெல்ல முக்கியப் பங்காற்றியவர்.

1984: போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

1992: உலகின் முதல் குறுஞ்செய்தி பிரிட்டனில் அனுப்பப்பட்டது. கணினியிலிருந்து கைப்பேசிக்குச் சென்ற அச்செய்தி, கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அமைந்தது.

2011: பாலிவுட் நடிகர் தேவ் ஆனந்த் லண்டனில் காலமானார்.