வாசிக்க வாசிக்க கிட்டார் சவுண்டு கூடுமா? பழைய கிட்டாருக்கு எக்ஸ்ட்ரா காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க!

"தம்பி, இது பத்து வருஷம் கை பட்ட கிட்டார். வாசிச்சு வாசிச்சு நல்லா பழகிடுச்சு. புதுசு வாங்குனா இந்த சவுண்டு வரவே வராது!"

செகண்ட் ஹேண்ட் கிட்டார் வாங்கப் போனவர்களில் பலர் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். இதை நம்பி சில ஆயிரங்களைக் கூடுதலாகக் கொடுத்தவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், "வாசிக்காம மூலையில போட்டா கிட்டார் செத்துடும்" என்று பயமுறுத்துபவர்களும் இருக்கிறார்கள். இதில் எது உண்மை, எது உருட்டு?

கஞ்சிரா சொல்லும் முதல் பாடம்

புதுக்கோட்டைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாத்தியத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். கஞ்சிராவை கர்னாடக சங்கீத மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படுபவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை அதை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோனார்.

கஞ்சிரா வாசிப்பவர் வாசிக்கும் முன் தோலின் உட்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தடவுவதைப் பார்த்திருப்பீங்க. தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும், சுருதி இறங்கும். காயக் காய மறுபடி ஏறும். கச்சேரி நடக்கும்போதே இந்த மாற்றம் காதுக்குத் தெரியும்.

கிட்டார் மரமும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், விடும். கஞ்சிராவில் நிமிஷக் கணக்கில் நடப்பது கிட்டாரில் நாள் கணக்கில், வாரக் கணக்கில் நடக்கும். அதனால்தான் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

வயசு வேற, வாசிப்பு வேற!

அக்கூஸ்டிக் கிட்டாரில் சத்தத்தைப் பெரும்பாலும் உண்டாக்குவது மேல் பலகை. இது ஸ்ப்ரூஸ் அல்லது சீடர் மரத்தில் செய்யப்படும். ஆண்டுகள் போகப் போக, மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் மெல்லச் சிதைகிறது. மரம் கொஞ்சம் லேசாகிறது, முன்பு போல ஈரத்தைப் பிடித்து வைப்பதில்லை. அதிர்வை உள்ளேயே விழுங்குவதும் குறைகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிங்க. இந்த மாற்றம் கிட்டாரை வாசித்தாலும் நடக்கும், பீரோ மேல் தூங்கினாலும் நடக்கும். இது மரத்தின் வயசு.

நம் ஊர் வாத்தியக் கைவினைஞர்களுக்கு இது புதுசில்லை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுகிறது. ஆலங்குடி, வடகாடு பக்கம் பலாப்பழத்துக்காகக் கொண்டாடுகிறோமே, அதே பலா! மரத்தை வெட்டியதும் வீணை செய்ய உட்கார்ந்துவிட மாட்டார்கள். நன்றாக உலரவிட்ட பிறகுதான் உளி எடுப்பார்கள். இன்றைய கிட்டார் கம்பெனிகள் இதைச் சீக்கிரமாகச் செய்யப் பார்க்கின்றன. ஆக்சிஜன் குறைந்த சூளையில் மரத்தைச் சூடேற்றி, பழைய மரத்தின் தன்மையைக் கொண்டுவரும் 'டாரிஃபிகேஷன்' அப்படிப்பட்ட ஒரு முறை.

கண்ணைக் கட்டிக் கேட்டால்?

சரி, வாசிப்பதால் மட்டுமே சவுண்டு மாறுமா? 'மாறும்' என்று சொல்பவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1996-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வில், ஈரப்பதம் அதிகமான நிலையில் மரத் துண்டைத் தொடர்ந்து அதிரவிட்டபோது, அது கொஞ்சம் விறைப்பானது. அதிர்வை விழுங்குவதும் குறைந்தது.

ஆனால், மரத் துண்டில் கருவி அளக்கும் மாற்றமும் காதில் கேட்கும் மாற்றமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2005-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று அதைத்தான் பார்த்தது. ஒரே மரத்திலிருந்து இரண்டு வயலின்கள் செய்யப்பட்டன. ஒன்று மியூசியத்தில் கிட்டத்தட்ட சும்மா இருந்தது. இன்னொன்றை ஒரு தொழில்முறைக் கலைஞர் தொடர்ந்து வாசித்தார். மூன்று வருஷம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால், வாசித்தவர்களாலும் கேட்டவர்களாலும் குறிப்பிடும்படியான வித்தியாசத்தைச் சொல்ல முடியவில்லை!

கிட்டாரை அதிரவைத்து 'பழக்குவதற்கு' என்றே ஒரு கருவி விற்பனையாகிறது. 2014-ல் வெளியான ஒரு ஆய்வு அதையும் சோதித்தது. அந்தச் சோதனையிலும், அதிரவைத்த கிட்டாரை வாசித்தவர்களால் வேறுபடுத்திக் காட்ட முடியவில்லை.

இன்னும் சுவாரஸ்யமான விஷயம் இருக்கு. 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களிடம், எது எதுவென்று தெரியாதபடி மூன்று புது வயலின்களும் மூன்று பழைய இத்தாலிய வயலின்களும் கொடுக்கப்பட்டன. அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புது வயலின். கடைசி இடம், கோடிகளில் விலைபோகும் ஸ்ட்ராடிவாரி வயலின் ஒன்றுக்கு!

அப்போ எனக்கு மட்டும் ஏன் மாறின மாதிரி இருக்கு?

நீங்க பொய் சொல்லலை. மாற்றம் நடந்திருக்கலாம். காரணம்தான் வேற.

- ஸ்ட்ரிங்ஸ்: புதுக் கம்பி கணீரென்று இருக்கும். வியர்வையும் அழுக்கும் ஏற ஏற சத்தம் மங்கும். மூலையில் கிடந்த கிட்டார் 'செத்துப்போக' பெரும்பாலும் இதுதான் காரணம். புது செட் மாட்டிப் பாருங்க, எழுந்து உட்காரும்!

- புது கிட்டாரின் முதல் சில மாதங்கள்: கம்பிகளின் இழுவைக்கு மேல் பலகை மெல்லப் பழகும். அப்போது டியூனிங்கும் கம்பி உயரமும் கொஞ்சம் மாறுவது சகஜம்.

- வெயிலும் மழையும்: புதுக்கோட்டையின் சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும். ஃப்ரெட்டில் கம்பி உரசிக் கரகரக்கும், சில நேரம் பலகை விரிசல்கூட விடும். ஐப்பசி மழையில் மரம் ஊதும். கம்பி மேலே ஏறும், சத்தம் அடைத்த மாதிரி ஆகும். ஈரப்பதம் சுமார் 45 முதல் 55 சதவிகிதம் வரை இருப்பது கிட்டாருக்கு நல்லது.

- உங்க விரல்: ஒரு வருஷம் விடாமல் வாசித்தவர் கம்பியை அழுத்தும் இடம், மீட்டும் கோணம், பலம் எல்லாமே மாறியிருக்கும். கிட்டார் அதேதான், வாசிப்பவர் வேற ஆள்!

- காது: ஒரு சத்தத்தின் நுணுக்கம் நம் நினைவில் ரொம்ப நேரம் நிற்காது. போன வருஷ சவுண்டை இன்றைய சவுண்டோடு நினைவில் வைத்து ஒப்பிட நம்மால் முடியாது.

நீங்களே டெஸ்ட் பண்ணலாம்!

கையில்தான் போன் இருக்கே! இன்று புது ஸ்ட்ரிங்ஸ் மாட்டி, ஒரு எளிய டியூனை ரெக்கார்டு பண்ணுங்க. ஆறு மாதம் கழித்து அதே பிராண்ட் புது ஸ்ட்ரிங்ஸ், அதே ரூம், அதே இடம், அதே தூரம், அதே பிக். மறுபடி ரெக்கார்டு பண்ணுங்க. எது எப்போது எடுத்தது என்று சொல்லாமல், நண்பரை மாற்றி மாற்றி பத்து தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்க. ஒன்பது, பத்து முறை சரியாகச் சொன்னால் ஏதோ மாறியிருக்கிறது. ஐந்தாறுதான் சரி என்றால், அது வெறும் குருட்டாம்போக்கு.

காசு எங்கே போகணும்?

'பழகின சவுண்டு' என்பதற்காக மட்டும் ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். வாங்கும் முன் சவுண்டு ஹோல் விளிம்பைப் பாருங்க. மேலே தெரியும் மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் அது சாலிட் டாப். அடுக்கடுக்காகத் தெரிந்தால் லேமினேட், அதாவது ஒருவகை பிளைவுட். குறைந்த விலை கிட்டார்கள் பல இந்த ரகம்தான். வயசு ஏறினாலும் இதில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. கழுத்து வளைந்திருக்கிறதா, பிரிட்ஜ் தூக்கியிருக்கிறதா என்றும் பாருங்க. மிச்சமாகும் காசில் நல்ல ஸ்ட்ரிங்ஸ், ஒரு செட்டப், ஒரு உறை வாங்கலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் கிட்டாரை விடாதீங்க.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் குடுமியான்மலைக்கு ஒருமுறை போய்ட்டு வாங்க. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு அங்கே பாறையில் இருக்கிறது. வரிசை வரிசையாக ஸ்வரங்கள். மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாக அந்தக் கல்வெட்டே சொல்கிறது. அந்தக் காலத்து வீணை ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. பயிற்சிப் பாடம் மட்டும் கல்லில் அப்படியே நிற்கிறது.

மூலையில் இருக்கும் கிட்டாரை இன்றைக்கே எடுங்க. அது மாறுதோ இல்லையோ, நீங்க மாறுவீங்க!