நாளைய கம்பெனி ராஜ்யமும் நேற்றைய கம்பெனி ராஜ்யமும்

வல்லரசு சரியும், அந்த நாற்காலியில் கம்பெனிகள் உட்காரும் என்று மிரட்டும் எதிர்கால நாவல்களை விடாமல் படிப்பவன் நான். அவை ஜோசியம் மாதிரி பலிக்குமா? சந்தேகம்தான்.

வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' (1984) ஜப்பானியக் கம்பெனிகள் கொடிகட்டிப் பறக்கும் உலகைக் காட்டியது. நடந்ததோ வேறு. 1990-ல் ஜப்பான் பங்குச்சந்தை விழுந்தது. 1991-ல் காணாமல் போன வல்லரசு சோவியத் யூனியன். நீல் ஸ்டீபன்சனின் 'ஸ்னோ கிராஷ்' (1992) அமெரிக்க அரசைச் சுருட்டிவிட்டு, சாலைகளைக்கூடக் கம்பெனிகளிடம் கொடுத்தது. அதில் வந்த 'மெட்டாவெர்ஸ்' மோகத்தில் ஃபேஸ்புக் கம்பெனி 2021-ல் தன் பெயரையே மெட்டா ஆக்கிக்கொண்டது. எச்சரிக்கை விளம்பரப் பலகை ஆகிவிட்டது :-)

சரி, கம்பெனி ஆட்சியைப் பார்க்க நாவல் எதற்கு? நான் பிழைக்க வந்த கொல்கத்தாவில் ரைட்டர்ஸ் பில்டிங் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி குமாஸ்தாக்களுக்காகக் கட்டியது. (நம்மவர்கள் டல்ஹவுசி பக்கம் போனால் பாருங்கள்.) 1765-ல் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் வங்காளம், பிகார், ஒரிசாவின் வரி வசூலைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். 1770-ல் கொடும் பஞ்சம். வசூல் மட்டும் நிற்கவில்லை. அப்படிச் சுரண்டியும் 1772-ல் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்து, லண்டனில் அரசிடம் கடன் கேட்டு நின்றது. 1773-ல் நாடாளுமன்றம் கடனும் கொடுத்தது, கடிவாளமும் போட்டது.

நாவலாசிரியர்கள் கோட்டை விடுவது இங்கேதான். அரசு செத்த பிறகு கம்பெனி ஆள்வதாக எழுதுகிறார்கள். முகலாயர் சரிந்தது உண்மை. ஆனால் கம்பெனியின் பின்னால் 1600-ல் சாசனம் கொடுத்த இன்னொரு அரசு இருந்தது. 1858-ல் அதுவே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.