தோட்டத்துச் சீமாட்டியும் அவள் பணிப்பெண்ணும்

பேய்க்கதை என்றதும் முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். ஆயின், ஒரு சமுதாயம் எதனைப் புதைக்க விரும்புகின்றதோ அதுவே பேயாக எழுந்து வருகின்றது என்பதனால், பேய்க்கதையும் வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியதே.

அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் 1966 முதல் 1971 வரை பிற்பகல் வேளைகளில் ‘டார்க் ஷடோஸ்’ என்னும் தொடர்நாடகத்தை ஒளிபரப்பியது. மொத்தம் 1,225 பகுதிகள். இல்லத்தரசிகளுக்குச் சவர்க்காரம் விற்கப் பிறந்த கலைவடிவம் இது. எனினும் பள்ளி விட்டு ஓடிவந்த சிறுவர்களே இதன் பெரும் இரசிகராயினர். மேயின் மாநிலத்துக் கரையோரத்தில் கப்பலும் மீன்பிடித்தொழிலும் கொண்டு செழித்த கொலின்ஸ் குடும்பத்தின் கதை இது.

1967 நவம்பர் 17இல் ஒளிபரப்பான 365ஆவது பகுதியில் அம்மாளிகையில் ஆவியழைப்பு நிகழ்கின்றது. இறந்த சிறுமி சாராவின் ஆவி, ஆசிரியை விக்ரோறியாவின் வாயிலாகப் பேசுகின்றது. விளக்கணைந்து மீண்டும் எரிகையில் விக்ரோறியாவைக் காணோம். அவளிருந்த இடத்தில் பிலிஸ் விக் என்னும், 1795ஆம் ஆண்டின் ஆசிரியை இருக்கின்றாள். விக்ரோறியாவோ அவளுக்குப் பதிலாக 1795இல் போய் நிற்கின்றாள். வியட்நாமில் நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினர் நின்ற மாதம் அது. நிகழ்காலத்திலிருந்து தப்பியோட அந்நாட்டு இளைஞர்க்குக் காரணம் இல்லாமலில்லை.

1795இல் கொலின்ஸ் மாளிகைக்கு மணப்பெண்ணாக வருபவள் ஜோசெத். மார்ட்டினிக் தீவில் கரும்புத் தோட்டமுடைய சீமானின் மகள். அவளுடைய பணிப்பெண் அஞ்செலிக். மாப்பிள்ளை பார்னபாஸ் அத்தீவில் இப்பணிப்பெண்ணோடு உறவாடிப் பின் கைவிட்டவன். அவளது சாபத்தாலேயே அவன் இரத்தம் உறிஞ்சும் பேயாகின்றான்.

மேயின் மீன்வணிகர் வீட்டுக்கு மார்ட்டினிக்கிலிருந்து பெண்ணெடுத்தது கதாசிரியரின் கற்பனையே. ஆயினும் அதன் கீழே மெய்யான வணிகமொன்று கிடக்கின்றது. நியூ இங்கிலாந்துக் கரையில் பிடித்த கொட் மீனில் நல்லது ஐரோப்பாவுக்குச் சென்றது. கழிவானது உப்பிடப்பட்டு, மேற்கிந்தியத் தோட்டங்களில் அடிமைகளின் உணவாயிற்று. திரும்பிய கப்பல்களில் கரும்புப் பாகு வந்தது. அதிலிருந்து றம் மது வடிக்கப்பட்டது. பிரெஞ்சுத் தீவுகளின் பாகு இவ்வணிகத்தில் எத்துணை புகுந்திருந்தது என்பதற்கு, அதனைத் தடுக்கப் பிரித்தானியா 1733இல் கொணர்ந்த வரிச்சட்டமே சான்று.

1795 என்னும் ஆண்டும் கவனிக்கத்தக்கது. 1794 பெப்ரவரியில் பிரெஞ்சுப் புரட்சி அரசு தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. மார்ட்டினிக்கின் தோட்டமுதலாளிகளோ பிரித்தானியரின் நிழலில் ஒதுங்கினர். 1794இல் தீவு பிரித்தானியர் கைக்கு மாறியது. விடுதலைச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வரவில்லை. 1848 வரை அத்தீவின் அடிமைகள் காத்திருக்க நேர்ந்தது. நாடகத்தின் முதன்மைப் பாத்திரங்களுள் இவ்வடிமைகளில் ஒருவர்க்கும் இடமில்லை. தீவின் கோபமனைத்தும் கைவிடப்பட்ட ஒரு பணிப்பெண்ணின் பொறாமையாகச் சுருக்கப்பட்டு, சூனியமெனப் பெயரிடப்படுகின்றது.

அச்சூனியப் பழியும் அவள்மேல் வீழவில்லை, விக்ரோறியாமேல் வீழ்கின்றது. 1692இல் சேலம் ஊரில் 19 பேரைத் தூக்கிலிட்டதன்பின், மேயின் அந்நாளில் அடங்கியிருந்த மசச்சூசெற்சில் சூனியத்துக்காக எவரும் கொல்லப்படவில்லை. நாடகமோ 1795இலும் தூக்குமரம் நாட்டுகின்றது. கடைசிக் கணத்தில் விக்ரோறியா தன் காலத்துக்கு மீள்கின்றாள். அவளுக்குப் பதிலாகக் கயிற்றில் தொங்குபவள், ஒரு குற்றமும் அறியாத பிலிஸ் விக். அவளும் சம்பளத்துக்கு வந்த ஆசிரியையே.